ஜப்பான் ஹார்ட்கோர் பங்க் ரெக்கார்டு வாங்க ஆரம்பிக்கறவங்களுக்கு: தட்டை அப்புறம் பாக்கலாம், மொதல்ல பேப்பரைப் படிங்க

மொதல்லயே சொல்லிடறேன், ஜப்பான் ஹார்ட்கோர் (வெறி வேகத்துல கத்திப் பாடற பங்க் ராக்) தட்டு சேக்கறத கிஸம் பேண்டோட 'டிடெஸ்டேஷன்' ஆல்பத்துக்கு ஒரிஜினல் பிரஸ் (மொதத் தடவை அச்சடிச்ச தட்டு) தேடி ஆரம்பிக்காதீங்க. எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கறாங்க, நானும் அப்படித்தான், யூட்யூப்ல கேட்டு தல கிறுகிறுத்துப் போய் நேரா டிஸ்காக்ஸ்ல (ரெக்கார்டு விவரமும் விற்பனையும் இருக்கற வெப்சைட்) வெலையப் பாத்துட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் சரியாப் பேசல. 1983-ல டாக்மா ரெக்கார்ட்ஸ் போட்ட தட்டு அது. ராண்டி உச்சிதா வாசிக்கற ஹெவி மெட்டல் கிட்டாருக்கு மேல சகேவி தொண்டையக் கிழிச்சுக்கிட்டு கத்துவாரு, அந்த மாதிரி ஒண்ணு அதுக்கு முன்னாடி வந்ததில்லன்னே சொல்லலாம். ஆனா அந்த ஒரிஜினலுக்குக் குடுக்கற காசுல இந்த வகையில ஒரு அலமாரியே ரொப்பிடலாம். 2020-ல ரிலாப்ஸ் ரெக்கார்ட்ஸ் அத அதிகாரபூர்வமா திரும்ப போட்டுட்டாங்க, அத வாங்கிட்டு நிம்மதியா அடுத்த வேலையப் பாருங்க.

அடுத்த வேலைன்னா என்னன்னு கேட்டா, கேக்கறதுதான். ஒரு மாசமாவது காசு செலவு பண்ணாம கேளுங்க. ஜப்பான் ஹார்ட்கோர்னு ஒத்தப் பேரச் சொன்னாலும் ஊருக்கு ஊர் சத்தம் வேற. மூலம் பெரும்பாலும் பிரிட்டன் சரக்குதான், டிஸ்சார்ஜ் பேண்டோட 1982 ஆல்பம் அங்க ஒரு தலைமுறையவே ஆட்டி வச்சிருச்சு. ஆனா கெடச்சத ஒவ்வொரு ஊர்க்காரனும் அவனவன் கைப்பக்குவத்துல சமைச்சான்.

டோக்கியோல காஸ், கிஸம், லிப் க்ரீம், கொஞ்சம் பின்னாடி டெத் சைட், பாஸ்டர்ட். ஒசாகாவுல அவுட்டோ, ஸோவோ, எஸ்.ஓ.பி. தெக்க க்யூஷு தீவுல ஃபுகுவோகான்னு ஒரு ஊரு, அங்கேர்ந்துதான் கன்ஃப்யூஸ், குரோ, கய், ஸ்வாங்கிஸ் எல்லாம் வந்தாங்க. கன்ஃப்யூஸ் கேட்டீங்கன்னா ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு நெனச்சு ஒயரப் புடுங்கி மாட்டுவீங்க, மிக்ஸில கூழாங்கல்லப் போட்டு ஓட்டின மாதிரி இருக்கும், அதுதான் அவங்க வேணும்னே பண்ண சத்தம். ஹிரோஷிமாவுல குடோன்னு ஒரு பேண்டு, பேரக் கேட்டதும் நமக்கு மூட்ட அடுக்கின கிட்டங்கி ஞாபகம் வரும், ஆனா ஜப்பான் மொழில அதுக்கு மந்தபுத்தின்னு அர்த்தம். சப்போரோவுல ஸ்லாங். கொச்சில டிஸ்க்ளோஸ் (நம்ம கேரளா கொச்சி இல்ல, ஷிகோகு தீவுல இருக்கற கொச்சி), டிஸ்சார்ஜ் மேல பாடகர் கவகாமிக்கு இருந்த வெறிதான் மொத்த பேண்டே, அவரு 2007-ல காலமாயிட்டாரு.

இதுல எனக்கு உயிர் காஸ். காயத்துக்குக் கட்டற துணிதான் பேரு, அவங்களே நடத்தின கச்சேரி வரிசைக்கு 'ஷோடொக்கு கிக்'னு பேரு வச்சாங்க, ஷோடொக்குன்னா கிருமிநீக்கம். 1981-ல ஆரம்பிச்சு 2022-ல கலைக்கற வரைக்கும் மொத்தம் 6 ஆல்பம்தான். 1985, 1986-ல ஒண்ணொண்ணு, அப்புறம் 1991, 1997, 2007, கடைசி ஒண்ணு 2021. பிந்தின ஆல்பங்களுக்கு அவங்களே ட்ரிபிள் எக்ஸ்னு சொந்த லேபிள் (தட்டு போடற கம்பெனி) வச்சிருந்தாங்க. 40 வருஷமா ஒரு இஞ்ச் கூட வேகம் குறையல. புதுசா வர்றவங்களுக்கு 1986-ல செல்ஃபிஷ் ரெக்கார்ட்ஸ் போட்ட 'ஈக்வலைசிங் டிஸ்டார்ட்' கேளுங்கன்னு சொல்வேன், அது புடிக்கலன்னா இந்த வகையே உங்களுக்கு ஆகாதுன்னு தைரியமா முடிவு பண்ணிக்கலாம், காசு மிச்சம்.

கிட்டார் சோலோ, கோரஸ், கண்ணுல தண்ணி வர்ற மாதிரி மெலடி வேணும்னா 'பர்னிங் ஸ்பிரிட்ஸ்' பக்கம் போங்க. கச்சேரிகளுக்கு வச்ச பேரு அது, பின்னாடி அந்த இசைக்கே பேரா ஆயிடுச்சு. டெத் சைட் பேண்டோட 'வேஸ்டட் ட்ரீம்' 1989, 'பெட் ஆன் த பாசிபிலிட்டி' 1991, ரெண்டும் செல்ஃபிஷ். அதுல கிட்டார் வாசிச்ச செல்சி முந்தி பாய்சன் ஆர்ட்ஸ்ல இருந்தாரு, பின்னாடி பெயிண்ட்பாக்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு, அவரும் 2007-லயே போயிட்டாரு. அந்த ஒரு வருஷம் ஜப்பான் பங்குக்கு ரொம்ப மோசமான வருஷம்.

சரி, காது பழகிடுச்சு, இப்ப என்ன வாங்கறது?

என் யோசனை, மொதல்ல சிடி வாங்குங்க. சிரிக்காதீங்க. 80-கள்ல ஏழு இஞ்ச்லயும் (சின்னத் தட்டு) ஃப்ளெக்ஸிலயும் (மெல்லிசு பிளாஸ்டிக் தட்டு) சிதறிக் கெடந்த பாட்டையெல்லாம் ஒண்ணா சேத்து பின்னாடி சிடியா போட்டிருக்காங்க, அத இப்ப யாரும் சீண்டறதில்ல, அதனால வெல கம்மி, உள்ள இருக்கற புத்தகத்துல வரிகள், படங்கள், எந்த வருஷம் எங்க பதிவு பண்ணதுன்னு எல்லாம் இருக்கும். பின்னாடி ஒரிஜினல் வாங்கறப்போ ஒத்துப் பாக்க அதுதான் உதவும். ரெண்டாவது, அதிகாரபூர்வ ரீஇஷ்யூ, அதாவது மறுபதிப்பு. லண்டன்ல இருக்கற 'லா விதா எஸ் உன் முஸ்'ங்கற லேபிள் டெத் சைட் பேண்டோட ஏழு இஞ்ச் பாட்டையெல்லாம் தொகுத்து எல்பியா (பெரிய தட்டு) போட்டிருக்காங்க, இத்தாலில எஃப்.ஓ.ஏ.டி.ங்கற லேபிள் நெறைய ஜப்பான் பேண்டுகளத் திரும்ப போட்டிருக்காங்க. பேண்டுக்காரங்க கைக்குக் காசு போய்ச் சேருதுன்னா அது மரியாதையான ரெக்கார்டு, ரீஇஷ்யூன்னு யாராவது மூக்கச் சுளிச்சா சுளிச்சுட்டுப் போகட்டும்.

மூணாவது, தொகுப்புத் தட்டு. அங்க ஒம்னிபஸ்னு சொல்வாங்க. நம்ம ஊருல அந்தப் பேர்ல பஸ்ஸுதான் ஓடும். ஒரு தட்டுல ஆறேழு பேண்டு இருக்கும், ஒரு சுத்துல மொத்த ஊரும் தெரிஞ்சிடும். 1982-ல வந்த 'அவுட்சைடர்', 1983-ல வந்த 'கிரேட் பங்க் ஹிட்ஸ்', ரெண்டும் இதுக்கு நல்ல ஜன்னல். வெளிநாட்டுக்காரங்களுக்கு இந்த இசை எட்டினதே தொகுப்பு வழியாத்தான், 1984-ல எம்.டி.சி. பேண்டு அவங்க ஆர் ராடிக்கல் லேபிள்ல போட்ட 'பீஸ்' டபுள் எல்பில கிஸம் ஒரு பாட்டு இருக்கு, அமெரிக்க ஓவியர் புஷெட் தன்னோட பஸ்மார்ட் லேபிள்ல காஸ், லிப் க்ரீம், சிஸ்டமாட்டிக் டெத், அவுட்டோ நாலு பேரையும் ஒரே தட்டுல கொண்டாந்தாரு. அமெரிக்க பிரஸ்னு அலட்சியப்படுத்தாதீங்க, ஜப்பான் பிரஸ்ஸ விட பெரும்பாலும் சல்லிசாக் கெடைக்கும்.

ஒரிஜினலே வேணும்னு அடம் புடிச்சா பெரிய கம்பெனி வழியா வந்ததுல ஆரம்பிங்க. த ஸ்டாலின் 1982-ல போட்ட 'ஸ்டாப் ஜாப்' டோகுமா கம்பெனி வழியா வந்தது, நெறைய வித்தது, இன்னிக்கும் கெடைக்குது. (மேடைல இருந்து பன்னித் தலையத் தூக்கிக் கூட்டத்து மேல எறிஞ்ச எண்டோ மிச்சிரோ பேண்டுதான், அவரு 2019-ல காலமானாரு.) அதே பேண்டு 1981-ல சொந்தமா போட்ட 'ட்ராஷ்' பக்கம் மட்டும் தல வச்சுப் படுக்காதீங்க. லிப் க்ரீம் 'கில் அக்லி பாப்' கூட பரவால்ல, அது கேப்டன் ரெக்கார்ட்ஸ், தக்கராஜிமா பத்திரிகைக்காரங்க நடத்தின லேபிள்.

இப்ப தலைப்புல சொன்ன விஷயத்துக்கு வரேன். இந்த வகையில பூட்லெக் அவ்வளவு இருக்கு, டிடெஸ்டேஷனுக்கே எத்தனை கள்ளத் தட்டுன்னு எண்ணிக்கிட்டே போகலாம். தட்டைக் கையில வச்சுக்கிட்டு வினைல் கனம், கருப்போட ஷேடு, அது இதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க இருக்காங்க, அதெல்லாம் நூறு தட்டு கைல புழங்கினவங்களுக்கு. புதுசா வர்றவங்களுக்கு பேப்பர்தான் தெய்வம். உள்ள இருக்கற வரிக் காகிதம், பின்னட்டைல இருக்கற லேபிள் முகவரி, வெல, போன் நம்பர். ஜப்பான் எழுத்து ஒண்ணு கூட தெரிய வேணாம், எண்களப் படிச்சாப் போதும்.

போன் நம்பரப் பாருங்க. டோக்கியோ கோடு 03. 1991 ஜனவரி 1-க்கு முன்னாடி அச்சடிச்சதுல அந்த 03-க்குப் பக்கத்துல 7 இலக்கம்தான் வரும், மூணு எண், நடுவுல ஒரு சின்ன கோடு (-), நாலு எண். அன்னிலேர்ந்து முன்னால ஒரு 3 சேத்து 8 இலக்கம் ஆக்கிட்டாங்க. ஆக 1986 தட்டுன்னு விக்கறான், பின்னட்டைல 03-க்கு அப்புறம் 3-ல ஆரம்பிக்கற 8 இலக்கம் இருக்குன்னா அந்தக் காகிதம் 91-க்கு அப்புறம் அச்சடிச்சது, பேச்சே கெடையாது. ஒசாகாவுக்கு கோடு 06, அங்க இந்த மாத்தம் 1999 ஜனவரில, முன்னால 6 சேந்துச்சு.

பின்கோடு பாருங்க. தபால் முத்திரை மாதிரி T மேல ஒரு கோடு போட்ட சின்னம் இருக்கும், அதுக்குப் பக்கத்துல எண். 1998 பிப்ரவரிக்கு முன்னாடி 3 இலக்கம் இல்ல 5 இலக்கம், அதுக்கப்புறம் 7.

வெலையப் பாருங்க. ஜப்பான்ல விற்பனை வரி 1989 ஏப்ரல் 1-லதான் வந்துச்சு, 3 சதவீதம். அதனால 80-கள்ல வந்த தட்டுல 1,500 யென், 2,000 யென்னு முழுசா இருக்கும். 1,545 யென், 2,060 யென்னு ஒரு வெல இருந்தா என்ன நடந்திருக்குன்னு கணக்குப் போட்டாலே தெரியும். வரியோட, வரி இல்லாமன்னு ரெண்டு வெல போட்டிருந்தாலும் அதேதான். 1997-ல 5 சதவீதம் ஆச்சு, அப்ப 2,000 யென் தட்டு 2,100.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு, அதயும் சொல்லிடணும். இந்த எண்கள் ஒரு தட்டு பழசு இல்லன்னு காட்டிக் குடுக்கும், பழசுதான்னு சத்தியம் பண்ணாது. பூட்லெக் அடிக்கறவன் பழைய காகிதத்தை அப்படியே ஸ்கேன் பண்ணித்தான அடிக்கறான், பழைய போன் நம்பரும் கூடவே வந்துடும். அங்கதான் ரெண்டாவது சோதனை, போட்டோவ உத்துப் பாருங்க, ஏற்கனவே புள்ளி புள்ளியா அச்சடிச்ச படத்த மறுபடி புள்ளி புள்ளியா அச்சடிச்சா அல அலயா ஒரு கோலம் விழும், சின்ன எழுத்தோட ஓரம் மழுங்கிப் போய் மை கசிஞ்ச மாதிரி இருக்கும். பத்து ரூவா பூதக்கண்ணாடி போதும். ஆன்லைன்னா விக்கறவர்கிட்ட இன்சர்ட்டுக்கு (உள்ள இருக்கற காகிதம்) க்ளோசப் கேளுங்க, தட்டோட நடுவுல ஒட்டியிருக்கற வட்டக் காகித லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவுல கீறியிருக்கற எண்ணுக்கும் ஒரு போட்டோ கேளுங்க, அத டிஸ்காக்ஸ்ல அந்தப் பதிப்போட ஒப்பிடுங்க. போட்டோ தர சால்ஜாப்பு சொன்னா விட்டுட்டு வாங்க.

நான் இதெல்லாம் கத்துக்கிட்டது காசு குடுத்துத்தான். ஒரு ஏழு இஞ்ச், 1985 மொதல் பிரஸ்னு ஒருத்தர் வித்தாரு, நானும் சந்தோஷமா ஃப்ரேம் போட்ற அளவுக்கு வச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன், ஒரு வருஷம் கழிச்சு சும்மா காகிதத்தப் பெரட்டறேன், 7 இலக்க பின்கோடு என்னப் பாத்து சிரிக்குது. அது கள்ளத் தட்டு கூட இல்ல, நேர்மையா பின்னாடி போட்ட மறுபதிப்பு, அதுக்கு நான் குடுத்தது மொதல் பிரஸ் வெல. அந்தத் தட்ட இன்னும் வச்சிருக்கேன், சத்தம் நல்லாத்தான் இருக்கு.

ஒபி பத்தி ஒரு வார்த்தை. அட்டையச் சுத்தி இடதுபக்கம் ஒரு காகிதப் பட்டை வரும், அதான் ஒபி, கிமோனோவுக்கு இடுப்புல கட்டற துணியோட பேரு. ஜப்பான் ரெக்கார்டுன்னாலே ஒபி இருக்கணும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, சொந்தக் காசுல போட்ட பங்க் தட்டு நெறைய ஒபி இல்லாமலேதான் வந்துச்சு. அந்தப் பதிப்புக்கு ஒபி இருந்துச்சான்னு பாத்துட்டு அப்புறம் 'ஒபி இல்ல, கொறச்சுக் குடு'ன்னு பேரம் பேசுங்க, இல்லன்னா அவன் உங்களப் பாத்து சிரிப்பான்.

வாங்கற எடம். டிஸ்காக்ஸ் எல்லாருக்கும் தெரிஞ்சது, ஆனா சரக்கு உண்மையிலேயே இருக்கறது ஜப்பான் யாஹூ ஆக்ஷன்ங்கற ஏல சைட்லயும், மெர்காரிங்கற பழைய பொருள் விக்கற சைட்லயும்தான். வெளிநாட்டுல இருந்து நேரா வாங்கறது கஷ்டம், பையீ, ஜென்மார்க்கெட் மாதிரி நடுவுல நிக்கற சேவை வழியா வாங்கணும், நீங்க சொல்ற வெலைக்கு அவங்க ஏலம் கேட்டு அவங்க கிட்டங்கில வாங்கி வச்சு உங்களுக்கு அனுப்புவாங்க. கணக்கு இங்கதான் எடறும், தட்டோட வெல, சேவைக் கட்டணம், ஜப்பானுக்குள்ள தபால், அங்கேர்ந்து உங்க வீட்டுக்குத் தபால், அப்புறம் உங்க ஊரு கஸ்டம்ஸ், இவ்வளவும் சேந்ததுதான் நெஜ வெல. ஒத்த ஏழு இஞ்ச்ச மட்டும் வரவழைச்சா தபால்காசு தட்ட விட ஜாஸ்தி ஆயிடும். கிட்டங்கில சேத்து வச்சு நாலஞ்சா ஒரே பெட்டில வரவழைங்க, எத்தன நாள் இலவசமா வச்சிருப்பாங்கன்னு மொதல்லயே பாத்துக்குங்க.

தேடறப்போ ஆங்கிலத்துல தேடினா பாதி சரக்கு கண்ணுல படாது. டிஸ்காக்ஸ்லயோ விக்கிபீடியாவுலயோ பேண்டோட ஜப்பான் எழுத்துப் பேரு இருக்கும், அத காப்பி பண்ணி ஒட்டுங்க. உச்சரிப்பே வேற, நாம காஸ்னு சொல்றது அங்க காஸே, கிஸம் அங்க கிஸுமு. சில வார்த்தை தெரிஞ்சா போதும்: ஸைஹாட்ஸுன்னா ரீஇஷ்யூ, ஒபிட்ஸுகின்னா ஒபியோட, ஜிஷுபான்னா சொந்தக் காசுல போட்ட தட்டு, ஸோனோஷீட்டோன்னா ஃப்ளெக்ஸி. ஜங்க்குன்னு போட்டிருந்தா ஓடும்ங்கறதுக்குக் கூட உத்தரவாதம் இல்ல, நோ க்ளெய்ம் நோ ரிடர்ன்னு போட்டிருந்தா வாங்கினப்புறம் வாயத் தொறக்கக் கூடாது, அந்த ரெண்டும் அடிக்கடி வரும்.

ஏலத்துல கடைசி செகண்டுல தட்டித் தூக்கிடலாம்னு ஒரு பழக்கம் நமக்கு இருக்கும், யாஹூல அது நெறைய நேரம் வேலைக்கு ஆகாது, ஆட்டோ எக்ஸ்டென்ஷன் வச்சிருந்தா கடைசி 5 நிமிஷத்துல யாராவது வெல ஏத்தினா இன்னும் 5 நிமிஷம் நீளும், மறுபடி ஏத்தினா மறுபடி நீளும், ராத்திரி ஒரு மணிக்கு நீங்களும் டோக்கியோல முகம் தெரியாத ஒரு ஆளும் கயிறு இழுத்துக்கிட்டே இருப்பீங்க. உச்ச வெல எவ்வளவுன்னு பகல்ல, வயிறு ரொம்பி இருக்கறப்போ முடிவு பண்ணி ஒரு பேப்பர்ல எழுதி வச்சுட்டு அதோட போய்த் தூங்குங்க.

நேர்லயே ஜப்பான் போற வாய்ப்பு கெடச்சா டோக்கியோல ஷின்ஜுக்கு டிஸ்க் யூனியன் போங்க, பங்குக்குன்னே தனிக் கடை வச்சிருக்காங்க, கோயென்ஜி பக்கமும் ஒரு நாள் ஒதுக்குங்க, ஒசாகான்னா அமெரிக்காமுரா. பழைய தட்டு எடுத்தா கவுண்டர்ல 'கென்பான் ஒனெகாய்ஷிமாஸ்'னு சொல்லுங்க, தட்ட வெளிய எடுத்து வெளிச்சத்துல காட்டுவாங்க, அது அங்க சாதாரண வழக்கம், கூச்சப்பட வேணாம். கடைக்காரங்க தரம் போடறதுல கறார், அவங்க பி-ன்னு போட்டது மத்த எடத்துல பளபளன்னு வித்துடுவாங்க. வீட்ல இருந்து விக்கற தனி ஆள்கிட்ட இந்தக் கறார எதிர்பாக்காதீங்க.

பார்சல் வந்ததும் பிரிக்கறத வீடியோ எடுங்க, சண்ட வந்தா அதுதான் சாட்சி. தட்ட நிக்க வச்சே அடுக்குங்க, படுக்கப் போட்டா வளையும். பழைய பிவிசி உறை இருந்தா தூக்கிப் போட்டுட்டு பாலிப்ரொப்பிலீன் உறை மாத்துங்க, வருஷக் கணக்குல பிவிசிக்குள்ள கெடந்த தட்டுல புகை படிஞ்ச மாதிரி மங்கல் விழும், அது கழுவினாலும் போகாது.

கடைசியா ஃப்ளெக்ஸி. 80-கள்ல காசில்லாத பேண்டுக்கெல்லாம் அதுதான் வழி, மெல்லிசு பிளாஸ்டிக், காகிதம் மாதிரி மடங்கும். லாஃபின் நோஸ் பேண்டுக்காரங்க 1985-ல ஷின்ஜுக்கு அல்டா கட்டடத்து முன்னாடி இத இலவசமா அள்ளி வீசி ஊரே கூடிடுச்சு. கன்ஃப்யூஸ், குரோ காலத்து ஃபுகுவோகா சரக்கு தேடினா இது இல்லாம முடியாது. வாங்கறப்போ மடிப்பு விழுந்திருக்கான்னு மட்டும் கேளுங்க, மத்த கீறல மன்னிச்சிடலாம், மடிப்பு வந்தா ஊசி குதிக்கும். போடறப்போ நேரா டர்ன்டேபிள் மேட் மேல போடாதீங்க, ஒரு பழைய தடிமனான எல்பி வச்சு அது மேல போடுங்க. அப்பவும் ஊசி கனத்துக்கு ஃப்ளெக்ஸி வழுக்கி நின்னுடும், லேபிள் பக்கம் ஒரு காசு வைங்க. ஜப்பான்ல இருந்து வந்ததாச்சேன்னு ஒரு யென் காச வைக்காதீங்க, அது அலுமினியம், கரெக்டா ஒரு கிராம்தான் இருக்கும், ஒண்ணுத்துக்கும் ஆகாது. பழைய தடிமனான அஞ்சு ரூவா காசு வீட்ல எங்கயாவது கெடக்கும், தேடிப் பாருங்க.